கூடுதல் இரும்பு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் போன் விளையாட்டில், எங்கள் துறைமுகத்து இருப்பில் இரும்பு மறுபடியும் கூடுதலாக இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு ரோந்துப் படகு கட்டலாம், அவ்வளவுதான். ஆனால் நேற்று சாயங்காலம் இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனை மூடினேன். நம் சுரங்கம் ஒரு ராத்திரிக்கு எவ்வளவு தரும் என்று எனக்குத் தெரியும். எப்படிக் கூட்டினாலும் இந்தக் கணக்கு வராது.

பஸ் டிப்போவில் ஸ்டோர்கீப்பராக இருக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. சாமான் குறைந்தாலும் தூக்கம் வராது, கூடினாலும் தூக்கம் வராது. குறைந்தால் திருடிவிட்டான் என்பார்கள். கூடினால் வண்டிக்குப் போடாமல் பதுக்கினான் என்பார்கள். அதனால் அனுபவப்பட்ட ஸ்டோர்காரன் கூடுதலைக் கண்டால் எங்கிருந்து வந்தது என்று வாயைத் திறக்க மாட்டான். சத்தமில்லாமல் ஏதாவது ஒரு வண்டியில் மாட்டிவிட்டுக் கணக்கை நேராக்கிவிடுவான்.

நானும் அதையே செய்தேன். ஒரு ரோந்துப் படகு. கணக்கு நேர்.

விளையாட்டுக் கம்பெனிக்காரன் ஏதோ இனாம் கொடுக்கிறான் போல.

மார்ச் 5, வியாழன்

பல் டாக்டரிடமிருந்து குரல் செய்தி. விளையாட்டில் எங்கள் கூட்டணிக்குத் தலைவர் அவர். நிஜத்திலும் பல் டாக்டர்தானாம், ஆளை நேரில் பார்த்ததில்லை. போனிலேயே பல்லைப் பிடுங்குகிற மனுஷன்.

"அண்ணே, அந்தப் பெரிய கப்பல ஒண்ணு முடிங்க, இல்ல பிரிச்சுப் போடுங்க. யானையக் கட்டித் தீனி போட்டுட்டு இருக்கீங்க. இங்க நம்ம எண்ணெய்க் கப்பல் எல்லாம் துணைக்கு ஒரு படகு இல்லாம மாட்டிக்கிட்டு முழிக்குது."

அவர் சொல்வது நியாயம்தான். ஒரு துறைமுகத்துக்கு ஒரே ஒரு பெரிய கட்டுமேடை. அதில் ஒரு கப்பல் ஏறி உட்கார்ந்துவிட்டால் அது முடிகிறவரை வேறு பெரிய வேலை கிடையாது. அதற்கு இரும்பைக் கையால் எடுத்துப் போட வேண்டும். போட்டால்தான் எவ்வளவு கட்டியாயிற்று என்று காட்டுகிற பச்சைக் கோடு நகரும். சும்மா நிறுத்தி வைத்தாலும் காவலுக்கு எண்ணெய் குடிக்கும். அந்த இரும்பில் ஒரு டஜன் ரோந்துப் படகு கட்டலாம், எண்ணெய் வரும் வழியைக் காக்கலாம். ஆக, தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் ஒரே கேள்வி. யானைக்கா, நாய்க்குட்டிகளுக்கா?

ஆனால் அது யாருடைய யானை என்று அவருக்குத் தெரியாது.

அந்தக் கப்பலை ஆரம்பித்தது அவள், என் மனைவி. போன வருஷம் லீவு முடிந்து வெளிநாட்டு நர்ஸ் வேலைக்குத் திரும்பக் கிளம்பிய அன்று, விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் போனை வாங்கி. துறைமுகம் எங்கள் இரண்டு பேருக்கும் பொது, ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். "நீங்க கட்டுங்க. நான் வந்து தண்ணியில எறக்கறேன்" என்றாள். பிறகு மகள் வாலுவைக் கட்டிக்கொண்டாள். எனக்குப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பெண்ணுக்குக் கட்டிப்பிடிப்பு, புருஷனுக்குப் போன்.

பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது பச்சைக் கோடு.

மார்ச் 9, திங்கள்

அவள் கூப்பிட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் டியூட்டி மாறுகிற நேரம். முதலில் வாலு பிடுங்கிக்கொண்டாள். பத்து வயசுப் பெண்ணுக்கு அப்படி என்ன சேதியோ! டீச்சர் செருப்பு அறுந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, அப்பா செய்த குழம்பு வாயில் வைக்க விளங்கவில்லை — எல்லாம் போனது. எனக்கு வரும்போது மிச்சம் ரெண்டு நிமிஷம்.

"எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன்."

இதற்காகவா ஒரு வாரம் காத்திருந்தேன்? கேட்க நினைத்தது வேறு. எப்போது வருவாய் என்று. கேட்டால் அவளுக்குப் பாரம், கேட்காவிட்டால் எனக்கு. யாராவது ஒருவர் சுமக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை. போனில் இடம் பத்தவில்லை என்று அதை எடுத்துவிட்டதாகப் போன வருஷமே சொன்னாள். அங்கே மூச்சு விடவே நேரமில்லாதவளிடம் கப்பலைப் பற்றி என்ன பேசுவது.

மார்ச் 14, சனி

இன்றும் கூடுதல். இன்னொரு படகு.

மார்ச் 22, ஞாயிறு

அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தேன். அவளுடைய தலையணை உறை ஒன்று, துவைத்து மடித்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான். பின்னே என்ன வரும், முட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவள் இங்கே வேலை பார்த்த நாளில் மட்டும் ரொம்பப் பார்த்துக்கொண்டோமா? அவளுக்குக் காலை டியூட்டி என்றால் எனக்குப் பகல். நான் எழுந்திருக்கும்போது அவள் போயிருப்பாள். சமையலறை மேடையில் காய் நறுக்கித் தட்டால் மூடி வைத்திருப்பாள். ஒரு சீட்டு கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. நான் எடுத்துச் சமைத்து, அவள் பங்கை மூடி வைத்துவிட்டு டிப்போவுக்குப் போவேன். பல நாள் எங்கள் குடும்பமே இரண்டு தட்டுகளுக்கு அடியில்தான் நடந்தது. அப்போது அது குறையாகத் தெரியவில்லை. இப்போது அந்தத் தட்டு இருக்கிறது, காய் நானே நறுக்குகிறேன், நானே மூடுகிறேன், நானே திறக்கிறேன்.

வேலையைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். எங்கள் டிப்போவில் ஒரு பஸ் ஜாக்கி மேல் நிற்கிறது, இன்ஜினுக்கு ஒரு சாமான் வர வேண்டும். ஃபோர்மேனுக்கு அதைக் கண்டால் நாக்கு ஊறுகிறது. "அதுலேர்ந்து ரேடியேட்டரக் குடுப்பா, டைனமோவக் குடுப்பா, நாலு வண்டி ரோட்டுக்குப் போகும்ல" என்கிறார். ஒரு வண்டியைக் கொன்று நாலு வண்டியை ஓட்டுவது எங்கள் தொழிலில் சகஜம். நான் மட்டும் அந்த வண்டியில் கை வைக்க விடவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். வருகிற சாமான் வந்தால் போட வண்டி வேண்டாமா என்றேன்.

"வர்ற சாமானுக்கு வாசப்படிய அலங்காரம் பண்ணி வச்சிரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 2, வியாழன்

உண்மையைச் சொல்வதென்றால், இங்கேதான் சொல்ல முடியும்.

கப்பலுக்கு இரும்பு இல்லாமல் இல்லை. படகுகளுக்கு அவசரம் என்று டாக்டரிடம் சொல்கிறேன், அது பாதி நிஜம். கூடுதலாக வருவதையெல்லாம் கப்பலுக்குப் போட்டிருந்தால் இந்நேரம் கோடு கடைசிக்குப் போயிருக்கும். பொத்தானில் விரலை வைப்பேன். எடுத்துவிடுவேன்.

முடிந்து நின்றுவிட்டால்?

முழுக்க முடிந்து, கொடி ஏற்றி, மேடையில் பளபளவென்று நின்று, இறக்க ஆள் வராமல் போனால்? இப்போது வாலு "அம்மா எப்ப வருவாங்க" என்றால் நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன் — கப்பல் இன்னும் முடியவில்லையே. நாற்பத்து நாலு வயசில் எனக்குள் ஓடுகிற நியாயம் இது. யாராவது கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள்.

வந்துவிடு வந்துவிடு என்று உள்ளே ஒருத்தன் கத்துகிறான். வெளியே இருக்கிறவன் ரோந்துப் படகு கட்டுகிறான்.

ஏப்ரல் 10, வெள்ளி

கூப்பிட்டாள். வாலு பள்ளிக்கூடத்தில். நான் ஸ்டோர் ஜன்னலில்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்றாங்க. வார்டு பொறுப்ப என்கிட்டயே தர்றாங்களாம். அடுத்த வியாழக்கிழமைக்குள்ள சொல்லணும்."

கையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மூடினேன்.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா? என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்டம்."

"என் இஷ்டமா?"

"வேற நான் என்ன சொல்றது? நல்ல பொறுப்பு. தானா வருது."

அந்தப் பக்கம் ஏதோ ட்ராலி உருண்டது. "சரி" என்றாள். வைத்துவிட்டாள்.

உன் இஷ்டமாம்! யாருடைய நாக்கு அது? பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். போனை வைத்த பிறகுதான் அது எவ்வளவு மொட்டையாக விழுந்தது என்று தெரிந்தது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டியூட்டியில் இருப்பாள்.

அல்லது எடுக்கவில்லை.

ஏப்ரல் 11, சனி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இன்று முழுக்க அதற்கு நான்தான் உதாரணம்.

காலையில் ஃபோர்மேன் வந்தார். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "நெஜமாவா?" என்று இரண்டு தரம் கேட்டார். மத்தியானத்துக்குள் ஜாக்கி மேல் நின்ற வண்டியின் வயிறு காலி.

டீ நேரத்தில் டாக்டர். எண்ணெய் வரும் வழியை எதிரிக் கூட்டணி அடைத்துவிட்டதாம். "அண்ணே, கெஞ்சிக் கேக்கறேன். அந்த யானையப் பிரிங்க. பாதி இரும்பாவது தேறும். இன்னைக்குப் படகு இல்லன்னா நாளைக்கு நம்ம எல்லாரும் கரையில உட்கார்ந்து பல்ல எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

இன்னும் ஒரு வருஷம். அதற்கப்புறம் இன்னும் ஒன்று. யாருக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்?

கலைக்கவா என்று விளையாட்டு கேட்டது. ஆம். நிச்சயமா என்றது. ஆம். போட்டதில் பாதிதான் திரும்பும் என்றது. தெரியும், எனக்குத் தெரியாததா, எந்தச் சாமானைக் கழற்றினாலும் பாதிதான் தேறும்.

மேடை காலி. படகுகள் வரிசையாக இறங்கின. டாக்டர் துள்ளிக் குதித்தார். "அண்ணன்னா அண்ணன்தான்!"

ஏப்ரல் 12, ஞாயிறு

டியூட்டி நடுவில் கூப்பிட்டாள். அவள் அப்படிக் கூப்பிட்டதே கிடையாது. யாருக்கோ உடம்புக்கு என்னவோ என்று பதறிப்போய் எடுத்தேன்.

"மேடை ஏன் காலியா இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "எந்த மேடை?"

"என் கப்பல் எங்கங்க?"

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்? போன்லேர்ந்து எடுத்துட்டேன்னியே."

"எடுத்தேன். மறுபடி போட்டேன். தினம் டீ பிரேக்ல வார்டுக்கு வெளிய படிக்கட்டுல உட்கார்ந்துகிட்டு, கடல்ல மூழ்கிக் கெடக்கிற கப்பல்லேர்ந்து இரும்பு பொறுக்கி உங்க ஸ்டோர்ல போட்டுட்டுப் போறேன். டீய ஆற வச்சுட்டு. யாரு போட்டான்னு நெனச்சீங்க?"

இனாம் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? மூழ்கிய கப்பலில் இரும்பு பொறுக்குவது விளையாட்டிலேயே மட்டமான வேலை. பக்கத்திலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்க வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை என்று நான் செய்வதே இல்லை.

"தினம் போடுவேன். மறுநாள் பாப்பேன். அத எடுத்துப் படகு கட்டியிருப்பீங்க. ஒரு நாளாவது அந்தக் கப்பலுக்குப் போடுவீங்களான்னு பாத்தேன். போடவே இல்ல. சரி, இவருக்கு அவசரமில்ல, நான் இல்லாமலே வீடு நல்லா ஓடுது, நாம ஏன் போய் நடுவுல நிக்கணும்னு... முந்தா நாள் கேட்டேன். உன் இஷ்டம்னு சொன்னீங்க. இன்னைக்கு வந்து பாத்தா மேடையில கப்பலே இல்ல."

"நீயே கப்பலுக்குப் போட்டிருக்கலாமே. ஒரு பொத்தான்தானே."

"நானே சேத்து, நானே கட்டி, நானே வந்து எறக்கணும்னா, நீங்க எதுக்குங்க?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வந்துட்டேன் என்று அவர்களிடம் சொன்னாள். போன் நின்றுவிட்டது.

தட்டால் மூடி வைத்த காய். தினமும் காலையில் வைத்திருந்தாள். நான் அதை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போட்டேன். ஸ்டோர்காரன் புத்தி — எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, கணக்கை நேராக்கு. கேட்டிருந்தால்? ஒரு தரம், ஒரே ஒரு தரம், ஏய் இது யார் வைத்தது என்று கேட்டிருந்தால்?

அவள் வரவில்லையே என்று ஏங்கியதும் நான்தான். வர விடாமல் இருந்ததும் நான்தான். இதற்கு எந்தப் புத்தகத்தில் பற்று எழுதுவது.

ஏப்ரல் 13, திங்கள்

இரும்பு கூடுதல் இல்லை. கணக்கு அச்சு அசலாகச் சரி. இவ்வளவு சரியான கணக்கை நான் வெறுத்ததே இல்லை.

படகுகளை எல்லாம் கலைத்தேன். ஒன்று விடாமல். வந்த இரும்பை மேடையில் கொட்டி அதே கப்பலை முதலிலிருந்து ஆரம்பித்தேன். கப்பலைக் கலைத்ததில் பாதி, படகுகளைக் கலைத்ததில் அதிலும் பாதி — பச்சைக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை.

டாக்டர் பொங்கினார். "அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு? சண்ட நடக்குது இங்க! நேத்துக் கட்டினத இன்னைக்கு ஒடைக்கிறீங்க!"

"வீட்டு விஷயம் டாக்டர்."

"வீட்டு விஷயத்துக்கும் ரோந்துப் படகுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

இரண்டும் ஒன்றுதான் என்று அந்த ஆளுக்கு எப்படிப் புரியவைப்பது? சாயங்காலம் கூட்டணியிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள். போகட்டும்.

ஆனால் இது போதாது. அவள் படிக்கட்டில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விடுவது பழைய புத்தி. தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிற குடும்பம் ஒரே வீட்டில்தான் நடக்கும். கடல் தாண்டி நடக்காது. அங்கே வாயைத் திறக்க வேண்டும்.

ஸ்டோருக்குப் பின்னால், டயர் அடுக்கிய இடத்தில் நின்று குரல் செய்தி அனுப்பினேன். ஏழெட்டுத் தரம் அழித்தேன். கடைசியில் போனது இது:

"வந்துடு. உன் இஷ்டம்னு சொன்னது பொய். எனக்கு நீ வேணும். வீடு ஓடுதுன்னு நெனச்சியே, ஓடல. நானும் வாலுவும் எறங்கித் தள்ளிட்டு இருக்கோம். பொறுப்பு பெருசுதான், நீ இருக்கணும்னா இரு, நான் மாறிட மாட்டேன். ஆனா என் இஷ்டம் என்னன்னு கேட்டா, வந்துடு."

டயர் எடுக்க வந்த ஃபோர்மேன் முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றார் என்பது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. "இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேல" என்று முணுமுணுத்துக்கொண்டே டயர் இல்லாமல் திரும்பிப் போனார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

என் குரல் செய்தியைக் கேட்டுவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. கூடுதல் இல்லை.

ஏப்ரல் 15, புதன்

இல்லை.

வாலு என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னாள்.

ஏப்ரல் 16, வியாழன்

அவள் பதில் சொல்ல வேண்டிய நாள். அவர்களிடம் என்ன சொன்னாளோ. ஸ்டோரில் ஒரு பெட்டி வால்வுக்குப் பதிலாக ஒரு பெட்டி வாஷரைக் கொடுத்து அனுப்பினேன். என் சர்வீசில் முதல் தடவை.

ஜாக்கி மேல் நின்ற வண்டிக்கு வர வேண்டிய சாமான் இன்று வந்தது. போட வண்டிதான் இல்லை. ஃபோர்மேனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

கூடுதல் இருக்கிறது!

எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இருக்கிறது. எப்போதும் போடுகிற அளவு அல்ல, மூன்று மடங்கு இருக்கும். எத்தனை டீயை ஆற வைத்தாளோ.

அழுதேன். சும்மா கண் கலங்கினேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். அழுதேன். அப்படியே எடுத்து மொத்தத்தையும் கப்பலுக்குப் போட்டேன். கோடு இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

பிறகு கூப்பிட்டாள்.

"போட்டீங்களா?"

"போட்டேன்."

"பாத்தேன்." சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை, மூக்கை உறிஞ்சினாள். "வேண்டாம்னு சொல்லிட்டேன் அவங்ககிட்ட. உடனே விட மாட்டாங்க. என் எடத்துக்கு ஒரு ஆள் வந்து, நான் எல்லாம் சொல்லிக் குடுத்துட்டுத்தான் கெளம்பணும். எத்தன மாசம் ஆகுமோ தெரியாது."

"ஆகட்டும்."

"அதுக்குள்ள கப்பல் முடியுமா?"

"நீ பொறுக்குற வேகத்தைப் பொறுத்தது."

"கொழுப்புதான்" என்றாள். மூன்று வருஷமாயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு.

மே 10, ஞாயிறு

கூட்டணி இல்லாத துறைமுகம் வேலியில்லாத தோட்டம். போகிறவன் வருகிறவன் எல்லாம் வந்து எண்ணெயை அள்ளிக்கொண்டு போகிறான். ஒரு படகு கட்டினால் போதும், பாதிப் பேர் வரமாட்டார்கள். கட்டவில்லை. அந்த இரும்பில் கோடு ஒரு மயிரிழையாவது நகரும்.

அவள் இடத்துக்கு இன்னும் ஆள் அமையவில்லையாம். வந்தவள் ஒருத்தி இரண்டு நாளில் ஓடிவிட்டாளாம். எனக்கு அந்தப் பெண் மேல் வந்த கோபம் இருக்கிறதே!

மே 31, ஞாயிறு

டாக்டர் குரல் செய்தி. "அண்ணே, உங்க பொண்ணு என்கிட்ட பேசுச்சு. உங்க போன எடுத்துப் பேசியிருக்கு போல. அண்ணி வர்றதுக்காகக் கட்டற கப்பலாமே அது? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? மனுஷன் பல்லப் பிடுங்கறவன்தான், நெஞ்சு இல்லாதவன் இல்ல. திரும்ப வந்து சேருங்க. உங்க வாசல்ல ரெண்டு படகு நிறுத்தச் சொல்லியிருக்கேன்."

வாலுவைத் திட்ட வேண்டும். நாளைக்குத் திட்டிக்கொள்ளலாம்.

ஜூன் 21, ஞாயிறு

கூடுதல். போட்டாயிற்று. பாதி தாண்டிவிட்டது.

தூரத்தில் இருக்கிறவளை நினைப்பது முன்னைப் போலவே வலிக்கிறது. குறையவில்லை. ஆனால் முன்பு அது திக்குத் தெரியாமல் அலைந்தது. இப்போது அதற்குப் போய்ச் சேர ஒரு வாசல் இருக்கிறது. காலையில் போனைத் திறக்கும்போது, அவள் அந்தப் படிக்கட்டை விட்டு இப்போதுதான் எழுந்து போனது போல இருக்கிறது. படிக்கட்டில் சூடு கூட ஆறியிருக்காது.

ஜூலை 8, புதன்

புது ஆள் சேர்ந்துவிட்டாளாம். நிற்கிற பெண்ணாகத் தெரிகிறாளாம். அவள் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

கப்பல் முக்காலுக்கு வரவில்லை. முடியாது போலிருக்கிறதே என்றேன். "மிச்சத்த நான் வந்து சேந்து போட்டுக்கலாம்" என்றாள் இவள்.

ஜூலை 20, திங்கள்

காலையில் இருப்பைப் பார்த்தேன். சரியாக இருந்தது. கூடுதல் எதுவும் இல்லை.

பழக்கதோஷம். போனைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து போய் உள் அறைக் கதவைத் தள்ளினேன். வாலு குறுக்கே படுத்து ஒரு காலை அம்மா இடுப்பின் மேல் போட்டிருந்தாள். அவள் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரம் இன்னும் அந்த ஊர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறைக்குப் போய்க் காய் நறுக்கித் தட்டால் மூடினேன். டிப்போவுக்குக் கிளம்பும்போது தட்டில் கை பட்டுச் சத்தம் வந்துவிட்டது.

"என்னங்க அங்க?" உள்ளேயிருந்து, பாதித் தூக்கத்தில்.

"ஒண்ணுமில்ல. இருப்புப் பாத்தேன்."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. நீ தூங்கு."